திரும்பி வந்த செக்கும் அலமாரியில் இருந்த பெண்டுலமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்பது போகப்போக உனக்கே தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பேரனோ பேத்தியோ அதுவும் சுகமாக இருக்க வேண்டும் என்று கண் விழித்ததும் முதல் வேலையாக நினைத்துக்கொள்கிறேன். கால் வீக்கம் வடிந்ததா? டாக்டரம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் கசக்கிறது என்று ஜன்னல் வழியாக எறிந்துவிடாதே, உனக்கு அந்தக் கைப்பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு, மாப்பிள்ளையை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு விழுங்கு. கொஞ்ச நாளாகப் போனில் ஏன் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய் என்று கேட்டிருந்தாய். பேசினால் கத்துவேன், நான் கத்தினால் உனக்கு ரத்த அழுத்தம் ஏறும், அதனால் பேப்பரில் கத்திக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பிரசவத்துக்கு நான் கிளம்பி வருவதற்கென்று நினைத்திருந்த டிக்கெட் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. வந்துவிடும் என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

நீ போன பிறகு நம் முன்னறையில் சோபா போடக்கூட இடமில்லை, நாலு சுவரிலும் பழைய கடிகாரங்கள்தான். அப்பா ஏலத்துக்குப் போய்ச் செத்துக் கிடப்பதையெல்லாம் வாங்கி வந்து ஓட வைப்பார், நான் விற்பேன், அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. ஓட வைப்பது சுலபம், விற்பதுதான் உயிரை வாங்குகிறது. பழைய பொருள் சேகரிக்கிறவர்கள் என்றால் ரசனை உள்ளவர்களாக இருப்பார்கள் என்று நம்பித்தான் நானும் இதில் இறங்கினேன். ஒருத்தர் முன்பக்கம் பின்பக்கம் உள்பக்கம் முள்ளின் நுனி என்று போட்டோ கேட்டுக்கொண்டே இருந்தார், பாஸ்போர்ட் ஆபீஸில்கூட இத்தனை போட்டோ கேட்க மாட்டார்கள், கடைசியில் எங்க வீட்டுச் சுவத்துக்குப் பொருந்தாது போல இருக்கு என்று முடித்துக்கொண்டார். இன்னொருத்தர் யாருக்கும் குடுத்துடாதீங்க, வண்டியில ஏறிட்டேன் என்று போனில் சொன்னார், அந்த வண்டி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, அவரை நம்பி நான் திருப்பி அனுப்பிய ஆள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து எல்லாக் கடிகாரத்தையும் ஒவ்வொன்றாக அடிக்கவிட்டுக் கேட்டார்கள், இரண்டு தரம் காபி குடித்தார்கள், செருப்பை மாட்டும்போது சும்மா பாக்கத்தான் வந்தோம் என்றார்கள். இவர்களாவது பரவாயில்லை, நேரத்தைத்தான் தின்றார்கள். செக் கொடுக்கிறவர்கள் வேறு ரகம்.

அதற்காகவே நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பெண்டுலம் உள்ள கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகத்தான் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இடித்து எதையாவது உடைக்கும். செக் கொடுக்கிறவர்களுக்கு நான் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பெண்டுலத்தை மட்டும் என் துணி அலமாரியில் வைத்துக்கொள்வேன், பணம் கணக்கில் ஏறியதும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். வேறொன்றை வாங்கி மாட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்பாய். மாட்டலாம், ஆனால் நேரம் சரியாக ஓடாது. அதைவிட, கடிகாரப் பெட்டிக்குள் பதித்திருக்கிற எண்ணேதான் பெண்டுலத்தின் முதுகிலும் இருக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாத கடிகாரத்தைச் சேகரிக்கிறவர்கள் பாதி விலைக்குக்கூடச் சீண்ட மாட்டார்கள். அப்பாவுக்கு இந்த வழக்கம் பிடிக்காது, வாங்க வந்த மனுஷனைத் திருடன் மாதிரி நடத்துறே என்பார். அவருக்கு உலகத்தில் திருடனே கிடையாது, எல்லோரும் கொஞ்சம் பணமுடையில் இருக்கிறவர்கள்.

இப்போது நம் தலையில் மிளகாய் அரைத்திருப்பவர் கடைத்தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறவர். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பதால் அப்பா அவருக்கு நாளைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார். முதலில் வந்து ஒரு மேஜைக் கடிகாரம் வாங்கினார், செக் கொடுத்தார், பணம் ஏறியது. அடுத்து ஒரு சின்னச் சுவர்க்கடிகாரம், அதுவும் ஏறியது. மூன்றாவதாகத்தான் நடுச்சுவரில் இருந்த நீல முகப்பு நெட்டைக் கடிகாரத்தைக் காட்டினார், நீ போனில் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்னாயே அதுதான். சின்னதுக்கு ஒழுங்காகப் பணம் கொடுப்பதே பெரியதற்குப் போடுகிற தூண்டில் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. விலையில் ஒரு பைசா பேரம் பேசவில்லை, அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். செக்கைக் கொடுத்துக் கடிகாரத்தை எடுத்துப் போனார், பெண்டுலம் மட்டும் வழக்கம்போல என் அலமாரியில் நின்றது. அந்தப் பணத்தில் என் டிக்கெட், குழந்தைக்கு வாங்க நினைத்த சாமான், கைச்செலவு எல்லாமே அடங்கிவிடும் என்று அன்றைக்கே டிராவல்ஸ்காரரிடம் போய்ச் சீட்டுப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

செக் திரும்பி வந்துவிட்டது. கணக்கில் பணம் போதவில்லை என்று ஒரு சீட்டு. கவுண்டரில் இருந்த பெண் அதை நீட்டிவிட்டு, செக் திரும்பியதற்கு உங்க கணக்குல கட்டணம் பிடிப்போம்மா என்றாள். அவன் கணக்கு காலியாக இருந்ததற்கு நான் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று கேட்டேன், அது ரூல்ஸ் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். போன் செய்தால், அடடா பெரிய தொகை ஒண்ணு வரவேண்டியிருந்தது தாமதமாயிடுச்சு, திங்கக்கிழமை மறுபடி போடுங்க, கண்ணை மூடிட்டுப் போடுங்க என்றான். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன், மறுபடியும் திரும்பியது, மறுபடியும் தண்டம். கடைக்குப் போனால் வேலைக்கு இருக்கிற ஆள் முதலாளி வெளியூர் என்கிறான், உள்ளே திரைக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்கிறது. ஒரு நாள் சாயங்காலம் முழுவதும் அங்கே ஒரு உடைந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத இனிமேல் என் கை வராது, நீ மன்னித்துக்கொள். டிராவல்ஸ்காரர் இரண்டு தரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எனக்குப் பிடித்து வைத்திருந்த விமான சீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். மற்ற கடிகாரங்களை விற்று ஈடுகட்டலாம் என்றால் வருகிறவர்களின் லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேனே.

மாப்பிள்ளை டிக்கெட் போடுகிறேன் என்று ஆரம்பத்திலேயே சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன், நீ அதற்கு என்னிடம் கோபித்துக்கொண்டாய். காரணம் என்ன என்று உன்னிடம் சொன்னதில்லை. உங்கள் புது வீட்டுக்கு நாங்கள் வந்திருந்தபோது உன் மாமியார் யாரிடமோ, எங்க பிள்ளைதானே எல்லாத்துக்கும் செலவு பண்றான், அவங்க பையைத் தூக்கிட்டு வந்தா போதும் என்று சொன்னார். நான் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்த முறை என் மகள் வீட்டு வாசலில் நான் என் சொந்தக் காசில்தான் வந்து இறங்குவேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதனால்தான் அந்த நீலக் கடிகாரம் எனக்கு வெறும் கடிகாரம் இல்லை.

போன வாரம் ஒரு பெண்மணி வந்தார், நாற்பதுக்கு மேல் இருக்கும், பெரிய சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கையில் ஒரு பேப்பரைப் பார்த்துப் பார்த்து வீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்த நாளைக்காரன் நம் நீலக் கடிகாரத்தை அவருக்கு விற்றிருக்கிறான். நாம் சொன்ன விலைக்கு மேல் பாதி சேர்த்து, அதுவும் ரொக்கமாக வாங்கியிருக்கிறான். எங்கிருந்தோ ஒரு பெண்டுலத்தை எடுத்து மாட்டிக் கொடுத்திருக்கிறான், அது நாளுக்கு முக்கால் மணி முந்தி ஓடுகிறதாம், அதைப் பார்த்துக் கடையில் வேலை பார்க்கிற பெண்கள் சீக்கிரமே கடையைக் கட்டிவிட்டுப் போகிறார்களாம். பார்க்க வந்த ஒரு கடிகாரப் பிரியர், பெண்டுலத்தின் முதுகில் எண்ணே இல்லை, இது மாற்றுச் சாமான் என்று சொல்லிவிட்டாராம். பெட்டிக்குள் அப்பா ஒட்டியிருந்த ரிப்பேர் சீட்டைப் பார்த்துத்தான் நம் விலாசத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். பெண்டுலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார். நான் முடியாது என்றேன். எனக்குப் பணம் வரவில்லை, என் கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. நான் முழுசா எண்ணிக் கொடுத்துட்டேங்க, அவர் உங்களை ஏமாத்தினதுக்கு நான் ஏன் கஷ்டப்படணும் என்று கேட்டார். அப்பா சுவரில் இருக்கிற கடிகாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தன் கடை கார்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் கேட்டதைத்தான் நான் பேங்கில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன் என்பது அவர் போன பிறகுதான் மனசில் பட்டது.

மறுநாள் நாளைக்காரனே போன் செய்தான், இத்தனை நாளில் அவனாகச் செய்தது அதுதான் முதல் தரம். குரலில் அப்படியொரு பாசம். பாதிப் பணத்தைக் கையிலே ரொக்கமாத் தர்றேன், பெண்டுலத்தைக் குடுத்துடுங்க, மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றான். கண்ணாடிக்கடை அம்மாள் அவனைப் பணத்தைத் திருப்பிக் கேட்டு நெருக்கியிருக்க வேண்டும். பாதி என்றால் டிக்கெட்டுக்குச் சரியாக இருக்கும் பாப்பா. பொய் சொல்ல மாட்டேன், சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நீ பிரசவ அறையில் கிடக்கிறதும் பக்கத்தில் யாருமே இல்லாததும்தான் என் கண் முன்னால் நின்றது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு போய் அந்த அம்மாளிடமே இன்னொரு விலை சொல்லி விற்பான், அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். அந்த வியாபாரத்தில் நான் பாதிப் பங்குக்காரியாகிவிடுவேன், அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கு என்ன நாக்கில் நரம்பு இல்லையா என்று ஆரம்பித்து எனக்குத் தெரிந்த அத்தனையையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்பா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நேற்று அலமாரியைத் திறந்து பெண்டுலத்தை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனோம். அப்பா ஏணியில் ஏறி மாட்டினார், முள்ளைத் திருப்பிச் சரிசெய்தார், எண் இரண்டும் ஒன்றுதான் என்று அந்த அம்மாளுக்கு டார்ச் அடித்துக் காட்டினார். அவர் எனக்குப் பணம் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. அவர் ஒரு தடவை கொடுத்தாகிவிட்டது. நீங்கள் கேஸ் போட்டால் யாரிடம் எவ்வளவு கொடுத்தேன் என்று உங்கள் வக்கீலிடம் வந்து சொல்கிறேன் என்றார், அது போதும் என்றேன். அப்பாவிடம் கடிகாரம் வாங்கிய வக்கீல் ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் செக் திரும்பிய சீட்டைக் காட்டினோம், பெண்டுலத்துக்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை, இந்தச் சீட்டு ஒன்று போதும் என்று நோட்டீஸ் தயார் செய்கிறார். பணம் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன், ஒரு வருஷமாகலாம் அதற்கு மேலும் ஆகலாம் என்றார். பிறக்கிற குழந்தை கோர்ட்டைக் கேட்டுக்கொண்டா பிறக்கும்.

அதனால் இப்போது சொல்கிறேன் பாப்பா, வீட்டுக்கு வந்ததிலிருந்து இதை எப்படி எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி எனக்கு ஒரு டிக்கெட் போடச் சொல். திருப்பித் தருகிறேன் என்று சொல்ல மாட்டேன், நாள் சொல்லிப் பணம் தராதவர்களை இந்த வருஷம் போதுமான அளவு பார்த்துவிட்டேன், அந்த வரிசையில் நானும் போய் நிற்க வேண்டாம். கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். உன் மாமியார் கேட்டால் எதையும் மறைக்காதே, அம்மாவிடம் பணம் இல்லை, அவரே கேட்டார், நாங்கள் போட்டோம் என்று சொல். அவர் என்ன சொன்னாலும் அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் இருப்பேன், உனக்கு வலி எடுக்கும்போது உன் கையைப் பிடித்துக்கொள்ள நான் அங்கே இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

அப்பா வரவில்லை, நோட்டீஸுக்குப் பதில் வந்தால் வாங்க ஆள் வேண்டும். அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்தால் அந்த நாளைக்காரனுக்கு இன்னொரு கடிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது, அலமாரிச் சாவியை என்னோடு எடுத்து வருகிறேன். நீ படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு, கனமானதைத் தூக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். தாயும் பிள்ளையும் இரண்டு உடம்பாகச் சுகமாகப் பிரிந்து, நீண்ட ஆயுளோடு நிறைந்து வாழ வேண்டும். டிக்கெட்டில் என் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போடச் சொல், தேதி எதுவானாலும் சரி, உன் நாளுக்கு முன்னால் இருக்கட்டும்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா