‘இருக்கிறோம்’ பலகை

பாய்,

நேற்று நம் ஆபீஸைக் காலி செய்துவிட்டார்கள். செல்போன் கடை வரப்போகிறதாம். ‘இருக்கிறோம்’ என்ற பெயர்ப்பலகை குப்பையோடு வாசலில் சாய்ந்து கிடந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

டைப் அடிக்க வந்த முதல் நாளே கேட்டேன், வாரப் பத்திரிகைக்கு இப்படி ஒரு பேரா என்று. “எங்க தெருவுல யாரு செத்தாலும் பெரிய பேப்பர்ல வராதும்மா. நாங்களும் இந்த ஊர்ல இருக்கோம்னு யாராச்சும் எழுதணும்ல” என்றீர்கள். போகப்போக அந்த ‘நாங்க’ளுக்குள் உங்கள் முஸ்லிம் தெருக்களோடு மீனவர் குப்பங்களும் வந்து சேர்ந்தன.

சுனாமியில் கடல் உள்ளே வந்த வாரம் நான் ஒரு தப்புச் செய்தேன். இறந்தவர்கள் பட்டியலில் கனகசெட்டிக்குளத்துப் பெண் ஒருத்தியின் பெயரையும் அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் அவளே பேப்பரோடு வந்து நின்றாள். நாற்காலியை விட்டு எழுந்து மன்னிப்புக் கேட்டீர்கள். முதல் பக்கத்திலேயே திருத்தம் போடுகிறேன் என்றீர்கள்.

“எம் பேரு கெடக்கட்டும். எங்க வூட்டுக்காரரு பேரப் போடலியே. கரைக்குப் போன ஆளு வரவே இல்ல.”

“ஒடம்பு கெடைக்காம எப்பிடிம்மா போடுறது? நாளைக்கே வந்து நின்னாருன்னா?”

அவர் பெயரை மட்டும் கேட்டு ஒரு சீட்டில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தீர்கள். அடுத்த வாரம் திருத்தம் வந்தது. அவர் பெயர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. “நம்ம பேப்பரே ஒரு ஆள விட்டுடிச்சே” என்று சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புவீர்கள். தப்பாக அடித்தவள் நான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன மாதம் நீங்கள் போனீர்கள். எந்தப் பேப்பரிலும் வரவில்லை. போட வேண்டிய பேப்பர் உங்களோடேயே நின்றுவிட்டது.

நேற்று கம்ப்யூட்டரைத் தூக்குவதற்கு முன் ஒரே ஒரு பக்கம் அடித்தேன். மேலே நம் பேப்பரின் பெயர். அதன் கீழே சீட்டில் இருந்த பெயர், அடுத்து உங்கள் பெயர். அழுகையில் எழுத்தே தெரியவில்லை.

இன்று காலை கனகசெட்டிக்குளம் போய் அவளிடம் கொடுத்தேன். கணவரின் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “பாய் பேப்பரு இன்னும் வருதாம்மா?”

“வருது” என்றேன்.

உங்களிடம் இருந்த இத்தனை வருஷத்தில் நான் தெரிந்தே சொன்ன ஒரே பொய்ச்செய்தி அதுதான், பாய். பலகையை எங்கே மாட்டுவதென்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.