ஒரு சாண் தள்ளிப் பிடித்த மருந்து

மச்சான்,

எதிர்வீட்டுக்காரர் காலையிலிருந்து கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். திருநின்றவூர்த் தெரு முழுக்கத் தின்னர் வாசம். ஜன்னலைச் சாத்திவிட்டு மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். நெஞ்சில் அந்தப் பழைய விசில் சத்தம் இல்லை. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. அம்பத்தூரில் கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனி. பெயிண்ட் அடிக்கிற அடைத்த அறை, ஒரே பூத்தில் நீயும் நானும். பெயிண்டைக் கெட்டியாக்கும் ஹார்ட்னரைக் கலந்தாலே எனக்கு நெஞ்சு இறுகும். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனுஷனாக இருப்பேன். எல்லாரையும் போல வெல்லத்தையும் வாழைப்பழத்தையும் தின்று, நெஞ்சு கழுவியாயிற்று என்று நம்பினேன். ஆஸ்துமா என்று தெரிந்தால் வேலை போய்விடுமே என்ற பயத்தில் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஆவடி டாக்டரம்மாவிடம் நீதான் இழுத்துப் போனாய். "அந்த பெயிண்ட் ஆவி உள்ளே போனதும் உங்க செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்புது. சேதின்னா ஒரு ரசாயனம். அது போய்ச் சேர்ந்தா மூச்சுக்குழாய் வீங்கி இறுகிடும். இழுக்கற மருந்து அந்தச் சேதி உண்டாகறதையே குறைக்கும். புதுசா வந்திருக்கற இந்த மாத்திரை, வர்ற சேதியில ஒண்ணை செல்லோட காதுல விழாம தடுக்கும்" என்றார். நான் திருதிருவென விழித்தேன். வெளியே வந்ததும் நீ, "நம்ம கம்பெனி சங்கு மாதிரி நைனா. ஊதுனா அல்லாரும் கேட்டாண்ட வந்து அடைச்சிக்கிறோமே, அதான் இது" என்றாய். இன்றுவரை எனக்குப் புரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

இரண்டு வாரம் ஆகியும் குணமில்லை. ஒருநாள் ஸ்டோருக்குப் பின்னால் நான் ஒளிந்து இன்ஹேலர் மருந்தை அடிப்பதைப் பார்த்துவிட்டாய். "இன்னா மச்சான், பம்பருக்கு அடிக்கிறியா? வாயில வெச்சி இழுடா!" பதினைந்து வருஷம் பெயிண்ட் கன் பிடித்த கை அல்லவா, முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இடமிருந்து வலமாக வீசிக்கொண்டிருந்தேன். மருந்தெல்லாம் என் மீசைக்குத்தான் போயிருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்கு இரைப்பே வந்துவிட்டது.

சரியாக இழுத்த பிறகு தேறினேன். ஆனால், "மருந்து பாதிதான். பூத்தை விட்டு வெளியே வந்தாத்தான் மீதி" என்று டாக்டரம்மா சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு திங்கட்கிழமை பூத்துக்குள்ளேயே மூச்சு முட்டி மண்டியிட்டுவிட்டேன். என்னை வெளியே இழுத்துப் போட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு, நேரே சூப்பர்வைசரிடம் போனாய்.

"அவனுக்கு ஆஸ்துமா கீது சார். இங்கியே வெச்சிகினா செத்துப்பூடுவான். பேக்கிங்ல போடுங்க."

பேக்கிங்கில்தான் போட்டார்கள். வேலை போகவில்லை. ஆனாலும், "காட்டிக் கொடுத்துட்டியே" என்று கத்திவிட்டு ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். "கத்தறதுக்கு மூச்சு கீதே, போதும்" என்று நீ பீடி வாங்கப் போய்விட்டாய்.

கடைசிவரை உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். சூப்பர்வைசர் அறையிலிருந்து நீ வெளியே வந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபமில்லை மச்சான். அப்பாடா என்றிருந்தது. இனி யாருக்கும் தெரியாமல் இரும வேண்டியதில்லை. அதை உன்னிடம் காட்ட வெட்கப்பட்டுத்தான் கத்தினேன். மாத்திரையெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. அந்த அப்பாடா மட்டும் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.