மெஷினுக்கு வைத்த பொட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்று எழுதுகிறேன். இன்று வரலாற்று மன்றத்தோடு சிதம்பரத்திலிருந்து கடலூர் ஆலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். அப்பாவை இழுத்துக்கொண்ட மெஷினுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

நாளை ஆயுதபூஜை. மெஷின்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த ஊழியர், "கேள்வியா கேக்குறியே பாப்பா, இதுக்கு நீயே வையி. ஒன்னும் கடிச்சிடாது" என்று கிண்ணத்தை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் யார் மகள் என்று சொல்லவில்லை. பூஜைக்கு நம்மைக் கூட்டிப்போய் அப்பா வைப்பாரே, அதைப் போலவே சந்தனத்தின்மேல் குங்குமம் வைத்தேன்.

வீட்டில் அம்மா என் விரலைப் பார்த்து, "எந்தக் கோயிலு குங்குமம்டி?" என்றாள்.

தில்லைக்காளி கோயில் என்றேன். அந்த விரலைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

உன் தங்கை