காரணம் சொல்லாத நீக்கம்

அன்பான குகன் அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. நான் இப்போது ஆய்வுக்காகப் பழைய இணைய விவாதக் குழுக்களின் சேமிப்புகளில் எது நீக்கப்பட்டது, யார் நீக்கினார், ஏன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். "எறிஞ்சதைக் கிண்டவோ உனக்குச் சம்பளம் தாறாங்கள்?" என்று கேட்டிருப்பீர்கள்.

யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு ஊரார் லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருந்து தொண்ணூற்றைந்தில் எழுதிய நம் குழுவும் அதில் அகப்பட்டது. ஊரில் யார் மிச்சம், யார் எங்கே இடம்பெயர்ந்தார் என்று ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிக் கேட்ட குழு. பொறுப்பாளர் நீங்கள். சண்டை மூட்டும் செய்திகளை எடுத்துவிட்டு, மாத முடிவில் காரணத்தோடு பட்டியல் போடுவீர்கள். ஒரு மாதம் மட்டும், "ஒண்டு எடுத்தனான், காரணம் சொல்ல ஏலாது" என்று எழுதினீர்கள்.

முதலில் கொதித்தவள் நான். இருட்டடிப்பு என்றேன். காரணம் சொல்ல முடியாதவர் பொறுப்பில் இருக்கக் கூடாது என்றேன். பலர் ஒத்துப் பாடினார்கள். நீங்கள் பொறுப்பை விட்டுப் போனீர்கள்.

என் ஆய்வுக் கட்டுரையிலும் அதை மனம்போன போக்கில் நீக்கியதற்கு உதாரணமாக வைத்திருந்தேன். சென்ற வாரம்தான் நீக்கியவற்றின் பிரதி கைக்கு வந்தது. அந்தச் செய்தி, ஊரில் இறுப்பிட்டியில் என் ஐயா, உங்கள் சித்தப்பா, காலமான அறிவித்தல். கீழே உங்கள் குறிப்பு: "பிள்ளை தனிய இருக்கிறாள். இதைக் கம்பியூட்டரிலை பாக்கக் கூடாது. நேரை போறன்."

வந்தீர்கள்தான். உங்கள் வீட்டிலிருந்து நான் படித்த ஊருக்கு மூன்று மணி நேர ரயில். கதவடியில் நின்று, "சாப்பிட்டனியோ?" என்றீர்கள். இல்லை என்றதும் முட்டை பொரித்துப் பாணோடு தந்து, நான் தின்று முடியும்வரை பார்த்திருந்தீர்கள். பிறகுதான், "கொழும்பிலையிருந்து போன் வந்தது பிள்ளை. சித்தப்பா மோசம் போயிட்டார்" என்றீர்கள். வராத அந்தப் போனை நான் இவ்வளவு காலமும் நம்பினேன்.

சில வாரம் கழித்து நான் குழுவில் அப்படி எழுதியபோதாவது ஏன் சொல்லவில்லை, அண்ணை? துக்கத்தில் இருப்பவளை நாலு பேர் முன் குனிய வைக்கக் கூடாது என்றா? உங்கள்மேல் கோபம் வருகிறது. அதைவிட என்மேல் வெட்கம்.

கட்டுரையைத் திருத்துகிறேன். இப்படியான ஆய்வில் பெயர்களை மறைத்து ஆளுக்கொரு எண் கொடுப்பது வழக்கம். குழுவில் எழுதிய எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். உங்கள்மேல் குற்றம் சாட்டியவளுக்கு மட்டும் எண் இல்லை. அவள் பெயரை முழுதாகப் போடுவேன்.

உங்கள் சித்தப்பாவின் மகள்,
வதனி