இருவாச்சியை வெட்டியவன் எழுதுகிறேன்

என் உயிருக்கு உயிரான மச்சானுக்கு,

வருகிற ஆனியோடு நீங்கள் போய் இரண்டு வருடம். அக்காவும் பாப்பாவும் இப்போது வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் இல்லை. மலையிறங்கிக் கம்பம் பக்கம் போய்விட்டார்கள். அது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

அந்தப் பங்குனி நினைவிருக்கிறதா? ஏலச்செடிக்கு நிழல் அதிகம் என்று மேட்டிலிருந்த வெள்ளகில் மரத்தை வெட்டச் சொன்னார்கள். ரம்பத்தின் ஒரு பிடி உங்களிடம், மறு பிடி என்னிடம். மரம் விழுந்து பிளந்தபோதுதான் பொந்து தெரிந்தது. அடைகாக்க மண் பூசி அடைத்த பொந்துக்குள் இறக்கை உதிர்ந்த பெட்டை இருவாச்சி, அதன் அடியில் நசுங்கிய குஞ்சு. பெட்டை மறுநாள் செத்தது. ஆண் பறவை நான்கு நாள் அலகில் அத்திப்பழத்தோடு வந்து, மரம் நின்ற இடத்தைச் சுற்றிச் சுற்றிப் போனது. நான்கு நாளும் நீங்கள் வேலைக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மாப்ள, இனி நான் ரம்பத்தத் தொட மாட்டேன்" என்றீர்கள்.

"அப்ப சோத்துக்கு?"

"களையெடுக்கப் போறேன். பொம்பளைக வேலைன்னு சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

அடிமரம் லாரியில் போனது. வேரும் பட்டையும் கிளைகளும் அங்கேயே கிடந்தன. அவற்றால் ஒரு இருவாச்சி செய்வோம் என்று நீங்கள் சொன்னபோது, நம் லயத்து வீடுகளில் பாதிப் பேர் உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு சுமை காட்டுக்கொடி கொண்டுவந்து போட்டாள். அடுத்த ஞாயிறு பக்கத்து லயத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். வளைந்த வேர் அலகானது. பட்டைகளை ஓடு வேய்வதுபோல அடுக்கி இறக்கை செய்தோம். கறுப்புக்கு அடுப்புக்கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு. அலகுக்கு வீட்டுக்கு ஒரு பிடி மஞ்சள்தூள் வந்தது. நனையாமலிருக்க மேலே புல்கூரை போட்டீர்கள். வைகாசியில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அது எழுந்து நின்றபோது, உங்கள் தோளில் ஏறித்தான் பாப்பாவால் அலகைத் தொட முடிந்தது.

சக்குபள்ளத்திலிருந்துகூடப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் பொந்துள்ள மரங்களைக் காட்டி, "இதுல ஆளு குடியிருக்கு" என்பீர்கள். அடுத்த வருடம் கங்காணியே அந்த மரங்களுக்கு வெட்டுக்குறி போடவில்லை. உங்கள் முகத்தில் அன்றைக்குக் கண்ட சிரிப்பை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

அந்த வருடம் ஆனிக் காற்றில், களையெடுத்துக்கொண்டிருந்த உங்கள்மேல் கிளை முறிந்து விழுந்து உயிரைக் கொண்டுபோனது. மரம் வெட்டிய காலமெல்லாம் ஒரு கீறல்கூடப் படாத மனுஷன். இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அதே மாதம் எமர்ஜென்சி வந்தது. யூனியன்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆவணியில் காயெடுப்பு தொடங்கியது, மழை விடவே இல்லை. ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தக் காய்ந்த விறகு கிடையாது. கங்காணி என் வாசலில் வந்து நின்றார்.

"முத்தையா, ஒங்க மச்சான் பேர்ல இருந்த ரூமு அது. ஒங்கக்கா தெனக்கூலி, தெனக்கூலிக்கு ரூமு கெடையாது. அதக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்துருச்சு. கூரைக்கடில காஞ்சு நிக்கிற அந்தப் பறவைய நீ வெறகுக்கு வெட்டிக் குடுத்தா, நான் தொரகிட்டப் பேசி ரூம நிறுத்தி வைக்கிறேன்."

அக்காவிடம் கேட்டேன். அவள் பாப்பாவை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு, "எனக்குத் தெரியலடா தம்பி. இந்த மழைல புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?" என்றாள்.

கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன் மச்சான். லயமே வாசலில் நின்று பார்த்தது. யாரும் தடுக்கவில்லை. ஒருத்தராவது தடுத்திருக்கலாம். மஞ்சள்தூள் தந்த ஒரு பெண் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அலகைக் கடைசியாகத்தான் வெட்டினேன். ஒரு நாள் உலர்த்துவதற்குக்கூட அது போதவில்லை.

தையில் காயெடுப்பு முடிந்தது. புதுக் குடும்பம் ஒன்று சாமான்களோடு வந்து அக்கா வாசலில் நின்றது. "நான் சொல்லிப் பாத்தேன், தொர கேக்கல" என்றார் கங்காணி. அக்கா அழவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். ஜீப்பில் ஏறும்போது பாப்பா கேட்டாள்.

"மாமா, அப்பா செஞ்ச குருவி எங்க?"

"மழைல விழுந்துருச்சுடா கண்ணு."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது எமர்ஜென்சி போய்விட்டது. எல்லோரும் நடந்ததை உரக்கப் பேசுகிறார்கள், இதைத் தவிர. பொந்துள்ள மரங்களும் இந்தப் பங்குனியோடு தீர்ந்துவிட்டன. வெட்டியதும் நான்தான், புது ஆள் ஒருவனோடு. பொந்துக்குள் எதுவும் இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள். நான் நீங்கள் இல்லை.

சித்திரையில் கம்பம் போகிறேன். அந்தக் குருவியை மாமாதான் வெட்டினேன் என்று பாப்பாவிடம் என் வாயால் சொல்வேன். அதற்கப்புறம் அவள் என்னை மாமா என்று கூப்பிடாவிட்டாலும் சரி. உங்கள் பிள்ளையிடம் இனிப் பொய் சொல்ல மாட்டேன் மச்சான். இது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியும்.

உங்கள் மச்சினன்,
முத்தையா