இறங்குதுறைச் சீதனம்

சட்டன், லண்டன்
12.01.2025

அன்பு மகள் ஷெறோனுக்கு,

தொலைபேசியில் நீயும் நானும் மூன்றாவது வசனத்தில் சண்டைக்கு வந்துவிடுகிறோம். தாளில் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுக்கத்தானே வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்ட சம்மதத்தைத் தருகிறேன். கிரீன்லாந்துக்குக் கடலின் ஆழம் அளக்கப் போன பிள்ளை, அங்கேயே ஒரு மீன்பிடிக்காரனைக் கட்டப்போகிறேன் என்றதும் எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். அம்மா ஒன்றுதான் கேட்டா: "நீங்கள் மன்னாரில என்ன, கப்பல் கப்டனாவோ இருந்தனீங்கள்? மீன் பெட்டி தூக்கேக்கதானே நான் கண்டு கட்டினனான்." பிலோமினம்மாவிடம் வாய் கொடுத்து நான் எப்போது வென்றேன்? உன் நுக்காவுக்குச் சொல், மாமாவுக்குக் கோபமில்லை என்று.

ஆனால் எங்கள் குடும்பத்தில் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பிய வழக்கமில்லை. அங்கே காணி என்ன விலை போகிறது? பேப்பரைத் திறந்தால் நீ இருக்கிற நாடுதான். பெரிய நாடுகளெல்லாம் அந்தப் பனிக்கட்டியைப் பார்த்து எச்சில் விழுங்குகின்றன. அப்படி என்னதான் கிடக்கிறது? விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா செபமாலைமுத்து


16.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நுக்காவுக்கு வாசித்து விளக்கினேன். மீன் பெட்டி பற்றிய வரி வந்ததும் அவர் சிரித்த சிரிப்பு! "உன்ர அப்பா எங்கட ஆள்தான்" என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு முத்தம்.

காணி விலை கேட்டீர்கள். இங்கே காணிக்கு விலையே இல்லை அப்பா. நிலம் யாருக்கும் சொந்தமில்லை. அதன்மேல் நிற்கிற கட்டடத்தை மட்டும் வாங்கலாம், விற்கலாம். சீதனம் ஒன்றும் வேண்டாம். நீங்கள் இருவரும் கல்யாணத்துக்கு வந்தால் போதும்.

என்ன கிடக்கிறது என்றால், ஊருக்குப் பின்னால் உள்ள மலையில் போனுக்கும் ஏவுகணைக்கும் வேண்டிய உலோகம் கிடக்கிறது. கிடந்தென்ன, வெளியே கொண்டுபோகக் கப்பல் வரவேண்டுமே! இந்தக் கரையில் பெரிய கப்பல் வந்து நிற்கக்கூடிய ஆழம் ஒரே இடத்தில்தான் உண்டு: மீன்வாடிக்கு முன்னால் இருக்கிற இறங்குதுறை. நானே அளந்தேன். வாடிக்காரக் கிழவர் அதை விற்றுவிட்டு டென்மார்க்குக்குப் போகப்போகிறார். சுரங்கக் கொம்பனி அதைக் கைப்பற்றினால் தூசியும் கழிவும் கடலில் இறங்கும், மீன் போய்விடும். அதற்கு முன் ஊரே சேர்ந்து வாங்கிவிட, நுக்கா வீடு வீடாகப் போய்க் காசு சேர்க்கிறார். மே மாதம்வரை பொறுக்கிறேன் என்று கிழவரும் சொல்லியிருக்கிறார்.

இது உங்களுக்கு மட்டும் அப்பா. வெளியே கதைக்க வேண்டாம்.

உங்கள் மகள்,
ஷெறோன்


லூயிஷாம், கடையிலிருந்து
20.04.2025

அன்பு மகளுக்கு,

இதை இருந்துகொண்டு வாசி. அந்த மீன்வாடியும் இறங்குதுறையும் இப்போது உன்னுடையவை.

அந்தக் கிழவரின் வாடியிலிருந்து வருகிற ஹலிபட் மீனைத்தான் எட்டு வருடமாக என் கடையில் விற்கிறேன். போன் எடுத்தேன், கதைத்தேன், முடித்தேன். சட்டன் பிளாட் வாங்கும்போது உன் பேரில் நான் கையெழுத்து வைக்கலாம் என்று நீ எழுதித் தந்த அற்றோணித் தத்துவம் என் கையில் இருந்தது. நீ அங்கே வசிப்பவள், அதனால் சட்டத்திலும் தடை இல்லை. ஊர்க்காரர் சேர்த்தது பாதிகூட வரவில்லையாம். நான் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்கியிருப்பான். யாவாரத்தில் வெற்றிடம் நிற்பதில்லை பிள்ளை.

வாங்கிய பத்தாம் நாள் சுரங்கக் கொம்பனிக்காரனே என்னைத் தேடி வந்தான். இருபது வருடக் குத்தகை. உன் பேரால் கையெழுத்து வைத்தாயிற்று. உன் பிள்ளைகள் காலத்துக்கும் கவலையில்லை. ஊரை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நுக்காவின் படகைக் கட்டிவைக்க ஒரு ஓரம் விடவேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதுவித்தேன்.

காணி வாங்க முடியாத நாட்டில் துறைமுகத்தைச் சீதனமாகக் கொடுத்த தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் நீ சந்தோசப்படு.

அப்பா


11.05.2025

அப்பா,

சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கொம்பனிக்காரர் குத்தகைப் பத்திரத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். உரிமையாளர்: ஷெறோன் செபமாலைமுத்து.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு நுக்காவைப் பார்த்தார்கள். அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "நீ ஆழம் அளந்தது இதுக்குத்தானோ?" இல்லை என்றேன். பத்திரத்தில் என் பெயர் இருக்கும்போது அந்த 'இல்லை'க்கு என்ன பெறுமதி?

நுக்காவின் தாய், அவர்கள் வீட்டில் நான் தங்கிய அறையிலிருந்த என் பொருட்களை மடித்துப் பெட்டியில் வைத்துத் தந்தா. கோபமாகக்கூட இல்லை, அவ்வளவு கவனமாக மடித்தா.

மன்னாரில் அப்பப்பாவின் வாடியைக் கடற்படை முகாமுக்கென்று எடுத்த கதையில், "கப்பல் பாக்க நல்ல இடமா இருந்ததுதான் நாங்கள் செய்த குற்றம்" என்று எனக்குச் சொன்னது நீங்கள். அவர்களும் காசு தந்துதானே எடுத்தார்கள்.

குத்தகையை முறியுங்கோ. ஏலாதெண்டால் எழுத வேண்டாம்.

ஷெறோன்


சட்டன்
22.06.2025

என் பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

இரண்டு வக்கீல்களிடம் போனேன். ஓட்டை ஒன்றுமில்லை என்கிறார்கள். எப்படி இருக்கும்? ஓட்டை விடாமல் எழுதுவித்தவன் நான்தானே. கொம்பனி ஒஃபிசில் போய், வாங்கியதை இரட்டிப்பாய்த் திருப்பித் தருகிறேன் என்றேன். அவன் தண்ணீர் கொடுத்து அனுப்பினான்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "பிள்ளை உங்களுக்குக் கடிதம் எழுதினவள். நீங்கள் அதில என்னத்தை வாசிச்சனீங்கள்?" என்று கேட்டா. அதன்பிறகு சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுகிறா.

நுக்காவுக்கு நான் எழுதட்டா? எல்லாம் என் வேலை, உனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்து எழுதுகிறேன். விலாசம் தா.

அப்பா


சட்டன்
09.11.2025

மகள்,

ஜூன் கடிதமும் அதற்குப் பிறகு எழுதிய இரண்டும் திறக்காமல் திரும்பி வந்தன. இதை அம்மாவிடம் கொடுக்கிறேன். நீ இப்போது எந்த ஊரில் இருக்கிறாய் என்று அவவுக்குத் தெரியும். விலாசத்தை எனக்கு மறைத்துத்தான் கவரில் எழுதுவா. மறைக்கட்டும்.

போன மாதம் அம்மா உன்னிடம் வந்து நின்றதை அறிவேன். திரும்பி வந்தவவிடம், மெலிந்துவிட்டாளா என்று கேட்டேன். பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தா. கல்யாணம்? இல்லையென்று தலையை ஆட்டினா. நுக்கா வந்து பார்க்கிறானா? அதற்கும் தலையை ஆட்டினா. எனக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையா என்றேன். அதற்குத்தான் வாய் திறந்தா: "அப்பாவுக்கு எழுதப் பயமாம். எதை எழுதினாலும் அதில ஒரு விலையைக் கண்டுபிடிச்சுப்போடுவாராம்."

இருபத்தெட்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். இப்படி ஒருவரும் என்னைத் தராசில் நிறுத்துப் பார்த்ததில்லை. நிறை சரியாகத்தான் இருக்கிறது.

இனி உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். அங்கே எந்தக் கப்பல் வந்தது, யார் வந்தார், கடல் எவ்வளவு ஆழம், ஒன்றும் வேண்டாம். என்ன குளிர் என்றுகூட எழுதவேண்டாம். ஒரு வெறும் தாளை மடித்து அனுப்பு. கவரின்மேல் உன் கையெழுத்தில் என் பெயர் இருந்தால் போதும்.

அப்பா