லிஃப்டும் டவுன் பஸ்ஸும்

புனே
ஞாயிறு

அன்புள்ள அய்யாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? செவலைப் பசு கன்று போட்டுவிட்டதா?

போனில் சொன்னால் அம்மா கோடாங்கியிடம் குறி கேட்க ஓடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் ஆபீஸ் லிஃப்டில் திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. செத்தே போவேன் என்று நினைத்தேன். இதயத்தில் கோளாறு இல்லை, இது பதற்ற நோய் என்றார் டாக்டர். அதில் பல வகையாம். சிலருக்கு எந்நேரமும் கவலை, சிலருக்கு நாலு பேர் முன்னால் பேச நடுக்கம். எனக்கு வந்தது திடீரென்று தாக்குவது. இன்னும் சிலர், நினைத்தவுடன் இறங்க முடியாதே என்று பஸ்ஸில்கூட ஏறமாட்டார்களாம்.

உங்கள் நினைவு வந்தது. "பஸ் ஏறமாட்டேன்னு கருப்பசாமிக்கு நேந்திருக்கேன் தாயி" என்று உசிலம்பட்டிச் சந்தைக்கு நடந்தே போவீர்கள். என்னை ரயிலேற்ற மதுரைக்கும் வரவில்லை. அன்று எனக்கு அம்புட்டுக் கோபம்.

அது நேர்த்திக்கடன்தான் என்றால் இருக்கட்டும். பயம் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை அய்யா, சரியாகுமாம். நான் இப்போது லிஃப்டில் தினம் ஒரு மாடி மட்டும் போய்ப் பழகுகிறேன்.

எள்ளுருண்டை தின்ன ஆசையாக இருக்கிறது. பார்சல் போடப் போகும்போது டவுன் பஸ்ஸில் ஒரே ஒரு ஸ்டாப் போய்ப் பாருங்கள். ஏறும் முன் மிஸ்டு கால் கொடுங்கள். நானும் இங்கே லிஃப்டில் ஏறிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்
சத்யப்ரியா